சிலுவைமுனையில் தங்கிவிட்ட பாட்டு

மதுரையிலிருந்து வரவேண்டிய இன்னிசைக் குழுவின் வேன் வழியில் அச்சு முறிந்து, பாடகர்கள் எல்லாரும் ஏதோ ஒரு புளியமரத்தடியில் பொட்டலம் பிரித்துத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாயங்காலத்தில்தான், சென்னையிலும் கொச்சியிலும் பெங்களூரிலும் பாடிப் பேரெடுத்த பிலோமி தன் சொந்த ஊரான சிலுவைமுனையில் முதன்முதலாக மேடை ஏறினாள். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மீனவ ஊரில் மாதா கோயில் திருவிழாவுக்குக் கச்சேரி இல்லாமல் போவது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வராமல் போவது மாதிரி. ஆகவே விழாக் கமிட்டிக்காரர்கள் தெருத்தெருவாக யோசித்துப் பார்த்து, கடைசியில் திருவிழாவுக்கு வந்து அம்மா வீட்டு அடுப்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த பிலோமியின் முன்னால் வந்து நின்றார்கள்.

“ஏட்டி, நீ கிட்டார் வச்சுப் பாடுவியாம்லா?” என்று கேட்டார் மீன் ஏலம் கூறும் இன்னாசி. ஏதோ கேள்விப்பட்ட வதந்தியைச் சரிபார்க்கிற குரல்.

பாடுவாள்தான். சினிமாப் பாட்டு இல்லை, அவளே கட்டிய பாட்டுகள். ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கும் பெண்களின் விறைத்த விரல்களைப் பற்றி, நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றி, உப்பு லாரியின் பின்னால் ஓடும் நாயைப் பற்றி, வடக்கே வாடை, மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம் என்று இந்த ஊரில் வீசும் நாலு காற்றுகளைப் பற்றி. அந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பெருநகரத்து அரங்குகளில் ஆட்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள், இல்லாத ஊருக்கு ஏங்கினார்கள். ஆனால் எந்த ஊரைப் பற்றிப் பாடினாளோ அந்த ஊரில் அவள் ஒரு வரிகூடப் பாடியதில்லை. ஊர் கூப்பிடவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. கேட்கப் பயம்.

“டெரன்ஸ் வந்தா பாடுதேன்” என்றாள்.

டெரன்ஸும் அவளும் சின்ன வயதில் மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தவர்கள். மெட்டு அவளுடையது, வார்த்தை அவனுடையது என்று ஆரம்பித்து, பிறகு எது யாருடையது என்று இருவருக்கும் தெரியாமல் போய், ரெண்டு பேருமாகப் பட்டணத்துக்குப் போய், சேர்ந்து பல வருஷம் பாடினார்கள். ஒருநாள் ஒரு பெரிய கச்சேரி முடிந்து, அரங்கமே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருக்கும்போது, டெரன்ஸ் மேடைக்குப் பின்னால் வந்து சட்டையை மாற்றிக்கொண்டு, “நான் ஊருக்குப் போறேன் பிலோமி” என்றான்.

“என்னலே ஆச்சு?”

“இவங்க எதுக்கும் தட்டுதாங்க. வாடைக் காத்து தெக்க இருந்து வருதுன்னு பாடுனாலும் தட்டுவாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“அப்போ ஊர்ல பாடுவோம்.”

“அது இதைவிடப் பயம்” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவன், கடற்கரையில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் பட்டறை ஒன்றைப் போட்டு, ரோஸ்லினைக் கல்யாணம் செய்துகொண்டு, கிரீஸ் கையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதில் பிலோமிக்கு வருத்தம் உண்டு. வருத்தத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனியாகவே பாடிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ரோஸ்லின்தான் புருஷனை முதுகில் கைவைத்துத் தள்ளி மேடையேற்றினாள். “ராத்திரியெல்லாம் தூக்கத்துல பாடுதீரு, இங்க பாடுனா என்னவாம்” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் கயித்தான் மாமா உட்கார்ந்திருந்தார். ஊரிலேயே மூத்த கடலோடி, பெண்டாட்டி பிள்ளை இல்லாதவர். கைகளைக் கட்டிக்கொண்டு, சுங்கச் சோதனையில் பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் போல ஒவ்வொரு வரியையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் பேக்டரிப் பாட்டுக்கு அங்கே வேலை பார்க்கும் பெண்கள் சிரித்தார்கள், பஸ் பாட்டுக்குப் பையன்கள் விசிலடித்தார்கள், கயித்தான் மாமா மட்டும் அசையவில்லை. கடைசியாகக் காற்றுப் பாட்டை எடுத்தார்கள். பிலோமிக்கு வெளியூர்களில் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தப் பாட்டுதான்.

*வாடக் காத்து வீசும்போது வாசக் கதவத் தொறந்து வை,*
*வராத ஆளும் வந்தாலும் வருவான்.*
*கச்சான் காத்து வீசும்போது கஞ்சிக்கு ஒல கூட்டி வை,*
*பசிச்ச ஆளு பத்துப்பேரு வருவான்.*

*கொண்டக் காத்து வீசும்போது கோவத்தத் தூக்கிக் கொடியில போடு,*
*மழ வந்து நனச்சிட்டுப் போகட்டும்.*
*சோழகம் வந்து சுத்தும்போது சொன்ன சொல்லத் தேடாத,*
*சுழண்டு சுழண்டு அதே கரை ஏறட்டும்.*

மூன்றாவது சரணம் ஒன்று வேண்டும், அது இதுவரை எழுதப்படவே இல்லை. நாலு காற்றையும் பாடியாயிற்று, இனிக் காற்றே இல்லாத நாளைப் பாட வேண்டும், அப்படி ஒரு நாளில் இந்த ஊர் என்ன செய்யும் என்று தனக்குத் தெரியவில்லை என்பான் டெரன்ஸ். வெளியூர்களில் அந்த இடத்தில் பிலோமி வெறும் கிட்டாரை மட்டும் வாசிப்பாள். அதைப் பெரிய கலை என்று நினைத்துக்கொண்டார்கள். சிலுவைமுனையிலும் அந்த இடம் வந்தபோது அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை, மூடினான். அவள் மெட்டை வாசித்து முடித்து, கும்பிட்டு, கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது பாட்டு ஓயவில்லை. முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தது.

“சவுண்டு செட்ட நிறுத்துலே” என்றார் இன்னாசி.

“நிறுத்தி ஒயரையும் சுருட்டியாச்சு அண்ணாச்சி” என்றான் சவுண்டு செட்காரன், சுருட்டிய ஒயரைத் தோளில் மாட்டியபடி.

அண்ணாந்து பார்த்தார்கள். ஏலக்கூடத்து ஓட்டுக்கு மேலே, ஒரு தென்னை உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்தில் பாட்டு நின்றுகொண்டிருந்தது. பிலோமியின் குரல், டெரன்ஸின் குரல், கிட்டார், எல்லாம் அப்படியே. பிலோமியோ கீழே வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள், டெரன்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அப்புறம் மறுநாள் கோயிலில் ஊருக்கே போடும் அசனச் சாப்பாட்டுக்கு அரிசி களைய வேண்டியிருந்ததால் கலைந்து போனார்கள்.

மறுநாளும் பாட்டு நின்றது. பங்குச்சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். அவர் ஜெபம் சொல்ல, அது தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. “இது கெட்ட ஆவி இல்ல, கெட்ட ஆவிக்குச் சுருதி சேராது” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒரு பேராசிரியர் கருவிகளோடு வந்து பதிவு செய்துகொண்டு போனார். கருவியில் அலைச் சத்தமும் ஒரு நாய் குரைப்பதும் மட்டுமே இருந்ததாகப் பிறகு போன் செய்து வருத்தப்பட்டார்.

பாட்டுக்கு மரியாதை தெரிந்திருந்தது. பூசை நேரத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்ளும், இருட்டினால் முணுமுணுக்கும், பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்தால் கிட்டாரை மட்டும் மெல்லத் தட்டும். இப்படிப்பட்ட ஒன்றை எந்த ஊர்தான் விரட்டும்? பெண்கள் அதன் தாளத்துக்கு வலை பின்னினார்கள், முதல் சரணம் தொடங்கும்போது ஏற்றிய உலை ரெண்டாம் சரணத்தில் கொதித்தால் அடுப்பு நல்ல அடுப்பு என்றார்கள், மினிபஸ் கண்டக்டர் “பாட்டு ஸ்டாப் எல்லாம் எறங்கு” என்று கூவினான், பேர் நிலைத்துவிட்டது. கடலுக்குப் போனவர்கள் திரும்பும்போது கரை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் பட்டது. முனைக்கு முன்னால் தண்ணீருக்குள் பல்லை மறைத்துக்கொண்டு கிடக்கும் பாறைகளுக்கு நடுவே, பாட்டு வலது காதில் கேட்டால் படகை வலப்பக்கம் திருப்பு, ரெண்டு காதிலும் சமமாகக் கேட்டால் நேரே வா என்று ஒரு புதிய கணக்கே வந்துவிட்டது. படகில் ஜி.பி.எஸ். பெட்டி வைத்திருந்தவர்களும் அதற்கு சார்ஜ் போடுவதை மறந்தார்கள்.

ஆனால் ஊருக்கு ரொம்பப் பிடித்தது அந்த மூன்றாவது சரணத்தின் வெற்றிடம்தான். வெறும் மெட்டு வரும் அந்த இடத்தில் எதைப் போட்டாலும் உட்கார்ந்தது. இன்னாசி அதில் சீலா மீனையும் பாறை மீனையும் ஏலம் கூறினார், டீச்சர் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், ஒரு சுவருக்காகப் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட அண்ணன் தம்பி ரெண்டு பேர் அந்த மெட்டு வரும்போது மட்டும் “சின்னவன் கலியாணத்துக்கு வந்துரு”, “வாரேன், பந்தி எப்போ” என்று பாடிக்கொண்டார்கள். பேசியது பாட்டுதானே, அவர்கள் இல்லையே.

பிலோமி சந்தோஷமாகத்தான் ஊரைவிட்டுக் கிளம்பினாள். அடுத்த கச்சேரி கோயம்புத்தூரில். அங்கே எல்லாப் பாட்டும் பாடி, கடைசியில் ஜனங்கள் காற்றுப் பாட்டைக் கேட்க, அவள் கிட்டாரில் விரலை வைத்தாள். கம்பி அசைந்தது, சத்தம் வரவில்லை. வாயைத் திறந்தாள், மூச்சு வந்தது, பாட்டு வரவில்லை. இருக்கிற இடத்தில்தானே வரும்? பாட்டு சிலுவைமுனையில் இருந்தது. ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் எப்படி இருக்கும்? கேட்க வந்தவர்கள் அதையும் கலை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்போதுதான் டெரன்ஸ் சொன்ன பயம் என்னவென்று பிலோமிக்கு விளங்கியது. இனி ஒவ்வொரு ஊரிலும் தான் சத்தமில்லாமல் வாயசைக்க, எதிரே இவர்கள் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருப்பார்கள் என்று தோன்றியது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊருக்கு வந்தாள்.

“லே டெரன்ஸ், மூணாவது சரணத்த எழுது” என்று பட்டறை வாசலிலேயே நின்று சொன்னாள். “முடியாம விட்டதுனாலதான் அது நிக்கிது. முடிச்சுட்டா எறங்கி என்கிட்ட வந்துரும்.”

“எழுதணும்னுதான் நானும் பார்க்கேன்” என்றான் அவன், ஸ்பானரைக் கீழே வைக்காமல்.

இந்தப் பேச்சு பட்டறையிலிருந்து ஏலக்கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்கு ரெண்டாம் சரணம் முடிகிற நேரம்கூட ஆகவில்லை. ஊர் கூடிவிட்டது. கயித்தான் மாமா நடுவில் உட்கார்ந்தார்.

“பாட்டைக் கொண்டு போகப் போறியாம்.”

“அது என் பாட்டு மாமா. அது இல்லேன்னா என்னைய யாரு கூப்பிடுவா?”

“உன் பாட்டுதான்” என்றார் கயித்தான் மாமா. “எங்க காத்து.”

பாட்டு உங்களுக்குப் பிடித்ததா என்று பிலோமிக்கு அவரைக் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஊர் ஒரு வேலை செய்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, எல்லாரும் செய்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினையெல்லாம் கழற்றி டெரன்ஸிடம் ரிப்பேருக்குக் கொண்டு வந்தார்கள். எழுதுவதற்கு அவன் நிமிர்ந்து உட்கார்ந்தால் போதும், ஒருவர் வந்து மழையைப் பற்றிப் பேசுவார், அவர் எழுந்து போகும்போது இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். கடலைப் பார்த்து யோசிக்க நின்றால் பக்கத்தில் வந்து நின்று அவர்களும் யோசித்தார்கள். வீடுவீடாக அவனுக்குப் பலகாரம் வந்தது, சாப்பிட்டவன் தூங்கினான், தூங்குகிறவன் எங்கே எழுதுவது? டெரன்ஸ் கொஞ்சம் சதை போட்டான். அவனுக்கும் இது சௌகரியமாகத்தான் இருந்தது என்பதைப் பிலோமி பார்த்தாள்.

ரோஸ்லின் ஒருத்திதான் பிலோமியின் பக்கம். “நீ கவலப்படாத பிள்ள. இந்த மனுசனுக்கு அது உள்ளதான் கெடக்கு. ராத்திரில பல்லக் கடிக்காரு, சரணத்தைத்தான் கடிக்காரு” என்பாள்.

தை மாதத்து விடியல் ஒன்றில் பனி இறங்கியது. பனி என்றால் புல்லில் கிடக்கும் பனி இல்லை, கடலையும் கரையையும் வானத்தையும் ஒரே வெள்ளைச் சீலையில் சுருட்டிக் கட்டிய மூடுபனி. நீட்டிய கையின் விரல் தெரியவில்லை, கோயில் கோபுரத்து மணி எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியவில்லை. காற்று செத்துப் போயிருந்தது. வாடை இல்லை, கொண்டல் இல்லை, சோழகம் இல்லை, கச்சான் இல்லை. பிறந்ததிலிருந்து ஆடாமல் நின்று பார்த்திராத பனையோலைகள் தொங்கிக் கிடந்தன. ஆனால் படகுகள் முந்தின ஜாமத்திலேயே கடலுக்குப் போயிருந்தன.

பெண்கள் கரைக்கு வந்து கூடினார்கள். பாட்டு பாடிக்கொண்டிருந்தது, அந்த மட்டும் நிம்மதி. எங்கோ வெள்ளைக்குள் எஞ்சின்கள் மெல்ல உறுமுவது கேட்டது. முதல் சரணம் வரும்போது உறுமல் நெருங்கும், ரெண்டாவது சரணம் வரும்போது இன்னும் நெருங்கும், மூன்றாவது சரணம் வந்து, குரல் நின்று, வெறும் கிட்டார் மட்டும் மெல்லத் தடவும்போது அந்தச் சத்தம் படகுக்கு எட்டாமல் எஞ்சின்கள் வழிதெரியாமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் அலை படகைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இத்தனை மாதமாக வாய்ப்பாடும் ஏலமும் கலியாணமும் உட்கார்ந்திருந்த அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

முதலில் ஒருத்தி கத்தினாள். “எட்வினே! ஏ எட்வினே!” மகன் பேர். அடுத்து இன்னொருத்தி. அப்புறம் எல்லாரும். மெட்டு வந்ததும் ஆளாளுக்குத் தங்கள் வீட்டு ஆளின் பேரை அந்த மெட்டிலேயே வைத்துக் கூப்பிட்டார்கள், குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போயின. எஞ்சின்கள் அசைந்தன. ஒரு படகின் மூக்கு வெள்ளையைக் கிழித்துக்கொண்டு மணலில் ஏறியது. அப்புறம் இன்னொன்று.

பிலோமி பக்கத்தில் நின்ற டெரன்ஸைப் பார்த்தாள். அவன் உதடுகளை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டிருந்தான். கன்னங்கள் உப்பியிருந்தன. கண்ணில் நீர் கோத்திருந்தது. என்னலே, என்று கேட்டாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பல வருஷம் பக்கத்தில் நின்று பாடியவளுக்கு அந்த முகம் தெரியும். சரணம் வந்துவிட்டது. முழுசாக, வார்த்தை வார்த்தையாக, அவன் வாய்க்குள் நிற்கிறது. வாயைத் திறந்தால் பாடிவிடுவான், பாடினால் பாட்டு முடிந்துவிடும், முடிந்தால் இறங்கி அவளிடம் வந்துவிடும். இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தாளோ அது அவனுடைய பல்லுக்குப் பின்னால் இருந்தது. கடலில் இன்னும் படகுகள் இருந்தன.

பிலோமி தன் உள்ளங்கையை எடுத்து அவன் வாயை அழுத்திப் பொத்தினாள்.

அப்படியே நின்றார்கள். படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவர்கள் டெரன்ஸிடம் எஞ்சின் இருமுகிறது என்றார்கள், கயிறு பிடி என்றார்கள், ஏன் இப்படி நிற்கிறாய் என்றார்கள், அவன் எல்லாவற்றுக்கும் புருவத்தால் பதில் சொன்னான். பனி மூக்கில் ஏறி அவனுக்குத் தும்மல் வந்தது. முகம் சுருங்குவதைப் பார்த்த ரோஸ்லின் பாய்ந்து வந்து அவன் மூக்கைப் பிடித்தாள். வாயில் ஒருத்தி கை, மூக்கில் ஒருத்தி கை, தும்மல் காது வழியாகப் போயிருக்க வேண்டும், அவன் காதுகள் சிவந்தன. அதற்குப் பிறகு சுற்றி நின்றவர்களுக்கும் விஷயம் விளங்கியது. பல நாளாக அவனை எழுதவிடாமல் பலகாரம் கொடுத்த அத்தனை பேரும், கடவுளே இன்னும் கொஞ்ச நேரம் இவன் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு படகுதான் மிச்சம். கயித்தான் மாமாவுடையது. மெட்டு வந்தபோது கரை அமைதியாக இருந்தது, ஏனென்றால் ஆளாளுக்கு அவரவர் ஆள் வந்துவிட்டான், அவர் பேரைக் கூப்பிட வீட்டில் ஆளில்லை. பாறைப் பக்கம் அலை சப்பு சப்பென்று அறைந்தது. பிலோமி டெரன்ஸின் வாயிலிருந்து கையை எடுக்காமலே தலையை மட்டும் கடல் பக்கம் திருப்பி, இதுவரை எந்த அரங்கிலும் எடுக்காத குரலை எடுத்தாள்.

“கயித்தான் மாமோ!”

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இம்முறை ரோஸ்லின் சேர்ந்தாள், இன்னாசி சேர்ந்தார், பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒன்றாக நின்று கூப்பிட்டார்கள், கரை முழுக்க ஒரே பேர்தான். எல்லாருக்கும் மாமாவாக இருந்த மனிதரை எல்லாரும் மாமா என்று கூப்பிட்டார்கள். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

“சத்தம் பத்தாதுட்டீ! இதுக்குத்தான் பட்டணம் பட்டணமாப் போய்ப் படிச்சியா!”

கரை சிரித்தது, அழுதது, கூப்பிட்டது. பாறையை உரசி ஒரு பலகை போன படகு சாய்ந்துகொண்டே மணலில் ஏறியது. கயித்தான் மாமா முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்கி, வேட்டியைப் பிழிந்துகொண்டே ஏறி வந்தார். பிலோமி கையை எடுத்தாள்.

டெரன்ஸ் பாடினான். மேலே பாட்டு தன் மூன்றாவது சரணத்துக்கு வந்து சேர்ந்த அதே நேரத்தில், கீழே நின்று, கிரீஸ் கறை படிந்த சட்டையோடு பாடினான்.

*காத்தே இல்லாத காலையில, கண்ணுக்கு முன்ன கடலும் இல்ல,*
*கையத் தட்டு மக்கா, கரை இங்கதான் இருக்கு.*
*பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே நில்லு மக்கா, அசையாம நில்லு,*
*கூப்பிட ஒரு வாய் இருந்தா ஊரு இருக்கு.*

கடைசி வார்த்தை போய்ச் சேர்ந்ததும் மேலே கிட்டார் ஒருமுறை தடவி நின்றது. நின்றேவிட்டது. ஏலக்கூடத்து ஓட்டுக்கு மேலே பனி மட்டும் இருந்தது. இத்தனை மாதம் பாட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த கடல் இப்போது முன்னால் வந்து பேசியது. கடலுக்கு இவ்வளவு சத்தமா என்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. பாட்டு வந்த பிறகு பிறந்த கைக்குழந்தை ஒன்று, பாட்டில்லாத கரையையே அறியாதது, தாயின் தோளிலிருந்து தலையைத் தூக்கி அலைப் பக்கம் திரும்பி, யார் இது புதிதாக என்பதுபோல் பார்த்தது.

யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் கயித்தான் மாமாவைப் பார்த்தார்கள். அவர் தலையைத் துவட்டினார்.

“ரெண்டாவது மக்காவை இன்னும் கொஞ்சம் இழுக்கணும்” என்றார். “படகுல இருக்கிறவனுக்கு அந்த இழுப்புதான் கேக்கும்.”

டெரன்ஸ் அதை இழுத்துப் பாடிக் காட்டினான். மாமா இன்னும் கொஞ்சம் என்றார். இன்னாசி போதும், மூச்சு முட்டும் என்றார். தடுத்து, திருத்தி, கூட்டி, குறைத்து, அந்த ஒரு வார்த்தைக்காகக் கரையே சண்டை போட்டது. பனி விலகி வெயில் வந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. டெரன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக எதற்குப் பயந்தானோ அது இப்போது அவனைச் சுற்றி நின்று கத்திக்கொண்டிருந்தது, அவன் ஒவ்வொரு திருத்தத்தையும் பலகாரத்தைப் போல வாங்கி வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

பிலோமி கொஞ்சம் விலகிப் போய் ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தாள். மெல்ல, வாடக் காத்து வீசும்போது என்று தொடங்கினாள். வந்தது. தொண்டையிலேயே இருந்தது, இளஞ்சூடாக. பாதி வரியில் நிறுத்திப் பார்த்தாள், நின்றது. மறுபடி எடுத்தாள், வந்தது. அந்தச் சின்ன விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடிக்கொண்டிருந்தபோது ஒரு நிழல் வந்து நின்றது. டெரன்ஸ்.

“பஸ் எத்தனை மணிக்கு?” என்றான்.

“எனக்கு நாலு மணிக்கு.”

“எனக்கும்தான்” என்றான். “சட்டைய மாத்திட்டு வாரேன்.”

விஷயம் தெரிந்ததும் ஊர் கொந்தளித்தது. எங்கள் எஞ்சினை யார் பார்ப்பது என்று கேட்டார்கள். “ஓடுற எஞ்சினைத்தான கொண்டு வந்தீங்க, ஓட்டுங்க” என்றாள் ரோஸ்லின். தானும் கூட வருவதாகச் சொல்லித் துணிப்பையில் மாற்றுச் சேலைகளை அடுக்கினாள். கச்சேரி பார்க்க இல்லை, பட்டணம் பார்க்க. நாலு மணிக்கு மூன்று பேரையும் ஏற்றிவிட ஊரே பாட்டு ஸ்டாப்பில் கூடி நின்றது. கருவாட்டுப் பொட்டலங்கள் ஜன்னல் வழியாக ஏறின. கயித்தான் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

“ஏட்டி, உன்னத்தான்.”

“சொல்லுங்க மாமா.”

“அடுத்த திருவிழாவுக்குப் பாட்டு கொண்டு வரும்போது முடிக்காம கொண்டு வா” என்றார். பஸ் கிளம்பியது. அவர் கம்பியை விடாமல் கூடவே ரெண்டு எட்டு ஓடி வந்து, மூச்சு வாங்க, “ஆனா நல்லாத்தான் இருந்துச்சு” என்றார்.

பிலோமி டெரன்ஸைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு முகத்தை முழங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான். பஸ் உப்பளத்து வளைவில் திரும்பியபோது ரோஸ்லின் கருவாட்டுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, “ரெண்டு பேரும் ஏதாவது பாடுங்க, தூரப் பயணம்” என்றாள். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கம்பியில் சாய்ந்துகொண்டான்.